படிக்காமல் வருபவர்களோடு கலைக் கோட்பாடு படிப்பது

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஓவியத்தில் ஆர்வமுள்ள ஒன்பது பேர் சேர்ந்து, கலைக் கோட்பாட்டு நூல்களைப் படித்து விவாதிக்க ஒரு குழு தொடங்கினார்கள். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு நான்கு பேர், அதிலும் இரண்டு பேர் கட்டுரையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது மறுபடி தொடங்க நினைக்கிறார். எந்த நூல்களை எந்த வரிசையில் படிப்பது, கலையில் பட்டம் வாங்காத தான் இதை நடத்தலாமா என்று கேட்கிறார். பட்டியல் கேட்பது போல இருந்தாலும் அவருக்கு உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. ஆசையாக வந்தவர்கள் ஏன் படிக்காமல் வந்தார்கள், அப்புறம் ஏன் வராமலே போனார்கள்? இதைத் தீர்க்காமல் பட்டியல் கொடுத்தால் இரண்டாவது குழுவும் மூன்றாவது கூட்டத்தோடு நிற்கும்.

கலை வரலாறு கற்பிப்பது இருபது ஆண்டுக்கும் மேலாக என் தொழில். வகுப்புக்கு வெளியே, மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் இல்லாத மூன்று வாசிப்புக் குழுக்களை நடத்தியிருக்கிறேன். முதல் குழு ஐந்தே கூட்டத்தில் முடிந்தது. முழுப் பொறுப்பும் என்னுடையது. அடித்தளம் போட்டுவிட்டுத்தான் மேலே கட்ட வேண்டும் என்ற வாத்தியார் புத்தியில், ஜெர்மன் தத்துவவாதி காண்ட் அழகைப் பற்றி 1790இல் எழுதிய நூலிலிருந்து தொடங்கினேன். ‘இது அழகு’ என்று நான் சொல்வது என் ரசனையாகவும் இருக்கிறது, மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கிறதே, அது எப்படி என்ற அருமையான புதிர் அந்த நூலில் உண்டு. ஆனால் வாரத்துக்கு நாற்பது பக்கம் என்று நான் வகுத்த வேகத்தில் புதிர் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது வாரம் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார், ஓவியத்தைப் பத்திப் பேசலாம்னு வந்தேன். ரெண்டு வாரமா ஒரு ஓவியத்தைக்கூடப் பார்க்கலையே.” அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அவரும் இல்லை.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்ட முதல் விஷயம், வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்வதை நிறுத்தியது. கூட்டத்தில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஆறு பக்கம், மிஞ்சினால் எட்டு. ஜெராக்ஸ் எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்து, ஆளுக்கொரு பத்தியாக வாய்விட்டுப் படிப்பது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும், படித்தவரைத் தவிர வேறு ஒருவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மறுபடி படிப்பது. ஒரு பத்தியில் இருபது நிமிடம் போயிருக்கிறது, போகட்டும். முழுக் கட்டுரையையும் வீட்டில் படிக்க விரும்புகிறவர்கள் படித்துக்கொள்ளலாம். ஆனால் படிக்காதவர் குற்றவாளியாக வந்து உட்கார வேண்டியதில்லை. இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், படிக்காமல் வந்தவருக்கு இரண்டே வழிதான் உண்டு: வாயைத் திறக்காமல் இருப்பது, அல்லது படித்த மாதிரி பேசுவது. இரண்டுமே கூச்சம் தருபவை. அந்தக் கூச்சத்தை இன்னொரு முறை பட யாரும் வர மாட்டார்கள். உங்கள் ஒன்பது நான்கானது இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொண்டால் திட்டத்தான் முடியும், திட்டினால் நான்கு இரண்டாகும்.

இரண்டாவது மாற்றம், எழுத்துக்கு முன்னால் படம். இதை ஒரு கூட்டத்தை வைத்தே விளக்குகிறேன். அமெரிக்கக் கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் 1971இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று, மாபெரும் பெண் கலைஞர்கள் ஏன் இருந்ததில்லை என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியே ஒரு பொறி என்று காட்டுவது. கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் மேசையில் ஓர் அச்சுப்பிரதியை வைத்தேன். யோஹான் ஸோஃபனி 1771–72இல் வரைந்தது. இங்கிலாந்தின் கலைஞர் அமைப்பான ராயல் அகாதெமியின் உறுப்பினர்கள் ஒரு கூடத்தில் கூடியிருக்கிறார்கள், நடுவே தொங்கும் விளக்கொளியில் ஆடையில்லாத ஆண் மாடல் ஒருவரை நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அப்புறம் பேச்சு தொடங்கியது. விளக்கைப் பற்றிச் சொன்னார்கள், தொப்பிகளைப் பற்றிச் சொன்னார்கள், சுற்றியிருக்கும் சிலைகளை எண்ணினார்கள். கடைசியில் ஒருவர், “வலது பக்கச் சுவத்துல ரெண்டு பொம்பளைங்க படம் மாட்டியிருக்கே, அது யாரு?” என்றார். அந்த இருவர் ஏஞ்சலிகா காஃப்மனும் மேரி மோசரும். 1768இல் அகாதெமி தொடங்கியபோதே உறுப்பினரானவர்கள். நிர்வாண மாடல் இருக்கும் கூடத்தில் பெண்கள் நிற்பது முறையல்ல என்பதால், ஓவியர் அவர்களை ஆளாகக் காட்டாமல் சுவரில் மாட்டிய உருவப்படமாக்கிவிட்டார். அவர்களுக்குப் பிறகு இன்னொரு பெண் அங்கே முழு உறுப்பினராவதற்கு 1936 ஆனது.

அதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அதன் பிறகுதான் கட்டுரையை எடுத்தோம். நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் பயிற்சியே பெரிய ஓவியத்துக்கு நுழைவாயிலாக இருந்த காலத்தில், அந்தப் பயிற்சி பெண்களுக்கு மறுக்கப்பட்டதை நோக்லின் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். இதே ஸோஃபனி ஓவியத்தையும் குறிப்பிடுகிறார். அந்த இடம் வந்தபோது, படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். திறமை தனிமனிதருக்குள் தானாக ஊறுவதா, பள்ளியும் பயிற்சியும் வாய்ப்பும் சேர்ந்து உண்டாக்குவதா என்ற கோட்பாட்டு விவாதம் அன்று ஒன்றரை மணி நேரம் போனது. நான் பேசியது கொஞ்சம்தான்.

படத்தைப் பார்க்கும் பத்து நிமிடத்தை எப்படி நடத்துவது என்பதற்கு அபிகேல் ஹவுசனும் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய முறையில் வரும் மூன்று கேள்விகள் போதும். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? அப்படிச் சொல்ல வைப்பது எது, எங்கே பார்த்தீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர். யாராவது “இதில் அதிகாரம் இயங்குகிறது” என்று சொன்னால் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் நல்ல கருத்து. முடியாவிட்டால் அவர் எங்கோ படித்ததை ஒப்பிக்கிறார். இந்த முறை பார்ப்பதற்கு மட்டும்தான், எழுத்தைப் படிக்க இது போதாது. எழுத்துக்கு வேறு ஒரு கேள்வி தேவை, அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தை ஒவ்வொருவரும் கைபேசியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு திரையிலும் நிறம் வேறு, எல்லாத் திரையிலும் அளவு ஒன்று. அளவு ஒன்றாகிவிடுவதுதான் பெரிய கேடு. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1966இல் வந்த தன் நூலின் முதல் அத்தியாயத்தை முழுக்க ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்துக்கே ஒதுக்கினார். அதில் வரும் ஓவியர் நம்மைப் பார்க்கிறாரா, நாம் நிற்கும் இடத்தில் அரசனும் அரசியும் நிற்கிறார்களா என்ற விளையாட்டு உள்ளங்கை அளவுப் படத்தில் புரியவே புரியாது. மூல ஓவியம் 3 மீட்டருக்கு மேல் உயரம், 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலம். ஒரு முறை கயிறு பிடித்து அளந்து, சுவரில் அந்த அளவுக்குப் பட்டை ஒட்டிக் காட்டினேன். அதன் பக்கத்திலேயே மோனா லிசாவின் அளவையும் ஒட்டினோம்: 77 சென்டிமீட்டருக்கு 53. “இவ்வளவுதானா!” என்ற குரல் இரண்டு மூன்று இடத்திலிருந்து வந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பெரிய சட்டத்தின் முன் போய் நின்று பார்த்தார்கள். ஃபூக்கோவின் வாக்கியங்கள் அன்று யாரையும் பயமுறுத்தவில்லை.

இனி, பட்டம் இல்லாமல் நடத்தலாமா என்ற கேள்வி. தாராளமாக நடத்தலாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, காரணம் செருப்புக் கதை. வான் கோ 1886இல் பாரிஸில் ஒரு ஜோடி பழைய பூட்ஸை வரைந்தார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கர் 1930களின் நடுவில் ஆற்றிய உரைகளில் அவற்றை வயலில் பாடுபடும் குடியானவப் பெண்ணின் காலணியாகப் பார்த்து, அவள் நடந்த வரப்பு, ஈரமண், மாலைநேரத் தனிமை என ஓர் உலகத்தையே அதிலிருந்து விரித்தெடுத்தார். 1968இல் மேயர் ஷப்பிரோ என்ற கலை வரலாற்றாளர், அது ஓவியரின் சொந்த பூட்ஸ், அப்போது அவர் நகரவாசி, ஹைடெக்கர் தன் மனதில் இருந்ததைப் படத்தின் மேல் ஏற்றிவிட்டார் என்று மறுத்தார். இருவரிடமிருந்தும் மும்மூன்று பக்கம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வழக்கம்போல முதலில் படம், பத்து நிமிட மௌனம். குழுவில் செவிலியராக வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார், கோட்பாடு பக்கமே வராதவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: “இது ஜோடிதானான்னு பாருங்க. எனக்கு ரெண்டுமே இடது கால் மாதிரி இருக்கு.” 1978இல் வந்த நூலில் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா இந்த இரண்டு அறிஞர்களையும் பிடித்து உலுக்குவது இதே சந்தேகத்தை வைத்துத்தான். இது ஒரு ஜோடி என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்கிறார். நான் அதை அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் அவரை விட்டுவிட்டு தெரிதாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பகுதியைக் கொண்டுபோய் அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

நடத்துபவருக்குப் பட்டத்தைவிட அவசியமானது ஒரு தயாரிப்பு. கட்டுரையை எடுப்பதற்கு முன், இதை எழுதியவர் யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எழுத்துக்கான கேள்வி என்று மேலே சொன்னேனே, அது இதுதான். கோட்பாட்டுக் கட்டுரைகள் தனியாகப் படித்தால் ஆகாயத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும், எதிராளியை உட்கார வைத்தால் வாக்குவாதமாகிவிடும். அமெரிக்கத் தத்துவவாதி ஆர்தர் டான்டோவின் 1964ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல், கடையில் அடுக்கியிருக்கும் பிரில்லோ சோப்புப் பஞ்சு அட்டைப்பெட்டிகளைப் போலவே மரப்பலகையில் பெட்டிகள் செய்து காட்சிக்கு வைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும்போது ஒன்று கலை, மற்றது சரக்கு என்றால், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றில் இருக்க முடியாதே என்பது டான்டோவின் வாதம். நான்கே ஆண்டு முன்பு, 1960இல், ஓவியம் தன் ஊடகத்துக்கே உரிய தட்டையான பரப்பை நோக்கிச் செல்கிறது என்று கலை விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் சொல்லியிருந்தார். கண்ணையே நம்பிய கிரீன்பெர்க்கைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் டான்டோ எதைக் கவிழ்க்கிறார் என்று தெரியும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருபவர்களிடம் எனக்கு இருக்கும் வருத்தமும் இதுதான். முடிவு தெரிந்திருக்கும், சண்டை தெரிந்திருக்காது. இப்போது கணினியே சுருக்கிக் கொடுத்துவிடுவதால் இது அதிகமாகியிருக்கிறது.

தமிழில் விவாதிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலியும் ஒரு வசதியும் உண்டு. தலைவலி, கலைச்சொற்கள். ரெப்ரசென்டேஷன் என்பதைப் பிரதிநிதித்துவம் என்றால் தேர்தல் வாசனை அடிக்கிறது, சித்தரிப்பு என்றால் அரசியல் பொருள் போய்விடுகிறது. மீடியம் என்பதை ஊடகம் என்றால் செய்தித் தொலைக்காட்சி நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் விமர்சகர் வால்டர் பெஞ்சமின் 1935இல் எழுதத் தொடங்கிப் பலமுறை திருத்திய கட்டுரையில் வரும் ‘ஆரா’வை ஒளிவட்டம் என்று மொழிபெயர்த்தால், சாமி படத்தின் தலைக்குப் பின்னால் இருப்பது வந்து நின்றுவிடுகிறது. அவர் சொல்வதோ, எவ்வளவு கிட்டே இருந்தாலும் ஒரு தூரத்தோடு தோன்றும் அந்த ஒன்றேயான தன்மையை. அந்தக் கட்டுரையின் தலைப்பே ஆங்கிலத்தில் முதலில் ‘இயந்திர மறுஉற்பத்தி’ என்று பரவியது. ஜெர்மன் மூலத்திலோ ‘தொழில்நுட்பத்தால் மறுஉற்பத்தி செய்யப்படக்கூடிய தன்மை’ என்றுதான் இருக்கிறது. படியெடுப்பது ஒரு செயல், படியெடுக்க முடிவது ஒரு நிலை. ஒரு புகைப்படத்தை ஒரே ஒரு பிரதி மட்டும் எடுத்தாலும் அந்த நிலை அதில் இருக்கிறது. நாங்கள் சுவரில் ஒரு தாளை ஒட்டி, சிக்கலான சொல் வரும்போதெல்லாம் மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை எழுதி வைப்போம். எதையும் முடிவு செய்வதில்லை. எந்தச் சொல் எதை விட்டுவிடுகிறது என்று பேசுவதே பாதிக் கோட்பாடு.

வசதி என்றது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள், அதாவது அந்த உணர்ச்சி பிறக்கும் காரணங்கள். அச்சத்துக்கு அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). அரசனும் அந்த வரிசையில் வருவதைக் கவனியுங்கள். இளம்பூரணர், பேராசிரியர் இருவர் உரையும் கிடைப்பதால் ஒரே நூற்பாவை இரண்டு விதமாகப் படித்துப் பார்க்கலாம். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் எப்படி வெளிப்படுகிறது என்பதில் இவ்வளவு கவனம் செலுத்தும் இந்தப் பகுதியை, முகபாவம் நிறைந்த ஓர் ஓவியத்தோடு வைத்துப் படித்தபோது, ஐரோப்பியப் பெயர்களைக் கண்டு ஒதுங்கியிருந்த இரண்டு பேர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். இது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம், ஓவியத்துக்கு எழுதியதல்ல. பொருத்திப் பார்ப்பது நம் முயற்சி. “எல்லாம் நம்மாட்கள் முன்னாடியே சொல்லிவிட்டார்கள்” என்று அது நழுவும்போது நடத்துபவர் தடுக்க வேண்டும்.

ஆட்களைப் பற்றி. ஆறிலிருந்து பத்துப் பேர் நல்ல அளவு. பன்னிரண்டைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள். முதல் ஒரு மணி நேரம், மேசையில் இல்லாத எந்தச் சிந்தனையாளர் பெயரையும் யாரும் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். “இதை லக்கான் வேறு விதமாகச் சொல்கிறார்” என்று ஓர் உளப்பகுப்பாய்வாளரின் பெயரைச் சொல்லும் ஒரு வாக்கியம் ஐந்து பேரின் வாயை அடைத்துவிடும். அதிகம் பேசுபவரைச் சமாளிக்க, அவரையே குறிப்பெடுப்பவராக்கிவிடுவது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. எழுதுகிற கை ஓடும்போது வாய் கொஞ்சம் ஓயும்.

இதுவரை சொன்னவற்றில் கூடிப் படிப்பதும் படத்தை முன்வைப்பதும் எனக்கு உறுதியானவை. மற்ற சிலவற்றில் எனக்கே இரண்டு மனம். காலவரிசைப்படி போவதா, தலைப்பு வாரியாகப் போவதா என்பதில் இரண்டையும் செய்திருக்கிறேன், இரண்டும் ஓடின, இரண்டும் தடுமாறின. ஓவியம் வரைபவர்களையும் வெறும் வாசகர்களையும் ஒரே குழுவில் சேர்ப்பது சிலசமயம் தீப்பொறி, சிலசமயம் “நீ வரைந்து பார்த்திருக்கிறாயா?” என்ற சண்டை. கோட்பாடு படித்தால் நன்றாக வரைய வருமா என்று கேட்பவர்களுக்கு நான் உறுதி கொடுப்பதில்லை. என் மாணவர்களில் சிலர் அதனால் தெளிந்தார்கள், ஒன்றிரண்டு பேர் சில மாதம் தூரிகையே தொடவில்லை. இணையவழிக் குழுவுக்கு இவையெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்பதையும் எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், என் அனுபவம் நேரில் கூடியவற்றில்தான்.

சரி, பட்டியல். முடிவில்லாத குழுவாகத் தொடங்காதீர்கள். ஆறு கூட்டம், இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு தேதிகளையும் முதல் நாளே எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வர முடியவில்லை என்று தேதியை மாற்றத் தொடங்கினால் அதோடு குழு போயிற்று, மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். முதலில் நோக்லின், ஸோஃபனியின் ஓவியத்தோடு. இரண்டாவதாக பெஞ்சமினின் முதல் சில பகுதிகள், ஒரு பழைய புகைப்படத்தோடு. மூன்றாவது கிரீன்பெர்க், நான்காவது டான்டோ. இந்த இரண்டையும் இடையில் வேறு எதையும் நுழைக்காமல் அடுத்தடுத்து வையுங்கள். ஐந்தாவது பூட்ஸ் சண்டை, ஆறாவது மெய்ப்பாட்டியல். காண்ட் இந்த ஆறில் இல்லை. ஆறும் முடிந்த பிறகு யாராவது தானாகக் கேட்டால், அந்த 1790ஆம் ஆண்டு நூலிலிருந்து இரண்டு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.